மஞ்சள் தரிசனம்

தனுஷ்கோடி உயிரோடு இருந்தவரை ஊர் அவரைப் ‘புழு மருந்துக்காரர்’ என்றுதான் கூப்பிட்டது. அவர் செத்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகி, நூற்றி இருபத்தைந்தாவது பிறந்தநாள் நெருங்கிய வேளையில், பேரன் ராஜபாண்டியன் அந்தக் குறையைத் தீர்க்கக் கிளம்பினார். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனியும், அதற்கு அட்டைப்பெட்டி அடிக்கும் கம்பெனியும் வைத்திருப்பவர் அவர். தாத்தாவுக்கு ஒரு நினைவு மண்டபமும், நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு மலரும் தயாராகிக்கொண்டிருந்தன. மலரின் முதல் புரூஃபில் தாத்தா ‘மூலிகைச் செம்மல்’. இரண்டாவது புரூஃபில் ‘மூலிகைப் பேரரசர்’. மூன்றாவதில், யாரோ போனில் யோசனை சொல்லி, ‘மருத்துவ விஞ்ஞானி’ ஆகிவிட்டார். செம்மலுக்கும் பேரரசருக்கும் யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. விஞ்ஞானி என்று போடுவதானால் இன்னொரு விஞ்ஞானி ஆமாம் போட்டால் நல்லது என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அப்படித்தான் சுகிர்தாவுக்கு ஆள் வந்தது.

சுகிர்தா விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்தெட்டு வருஷம் வேதியியல் நடத்தியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொள்ள விருப்ப ஓய்வு வாங்கினாள். ஓய்வு கிடைத்த நாலாம் மாதம் அம்மா போய்விட்டாள். போன வேலையைத் திருப்பிக் கேட்க விருப்ப ஓய்வில் வழி கிடையாது. மூன்று வருஷமாக மாடிவீட்டில் தனியாக இருக்கிறாள். கீழ்வீட்டுக்காரர்கள் கோயம்புத்தூரில், கதவில் பூட்டு. காலையில் கடையில் ‘ஒரு பாக்கெட் பால்’ என்று சொன்னால், பிறகு சாயங்காலம் போன் அடிக்கும்வரை தொண்டைக்கு வேறு வேலை இல்லை. போன் வந்தாலும் அது லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாகத்தான் இருக்கும். ஆனாலும் எடுப்பதற்கு முன் இரண்டு தடவை செருமிக்கொள்வாள். குரல் துருப்பிடித்துக் கிடப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

ராஜபாண்டியன் அவளை சிவகாசி ஆபீசுக்கு வரவழைத்து, எழுந்து நின்று கும்பிட்டு, கதையைச் சொன்னார். அவர் கதை சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். கேட்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டியிராது. தாத்தாவின் கனவில் பத்திரகாளி அம்மன் வந்தாளாம். வெம்பக்கோட்டைக் கரிசலில் ஒரு செடியைக் காட்டினாளாம். ஆடு தின்னாத செடி, ஆடுதின்னாப்பாளை. அதைக் கஷாயம் வைத்து, சுண்டக் காய்ச்சி, குளிகை உருட்டினாராம் தாத்தா. சாத்தூர் தாலுகா முழுக்க ஒரு பிள்ளை வயிற்றில் புழு இல்லாமல் ஆயிற்றாம். அதோடு, அந்தக் குளிகையைத் தின்ற பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் உலகமே மஞ்சளாகத் தெரியும். சுவர் மஞ்சள், சோறு மஞ்சள், பெற்றவள் முகம் மஞ்சள். அம்மன் தரிசனம். அந்த ஞாபகத்தில்தான் கம்பெனியின் பெரிய மத்தாப்புக்கு ‘மஞ்சள் தரிசனம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; தீபாவளி சீசனில் வடக்கே லோடு லோடாகப் போகிறது.

இதை விஞ்ஞான பாஷையில் நாலு பக்கத்துக்கு எழுதிக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

பிறகு அவளை மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். பெயின்ட் வாசனை போகாத ஹால். நடுவில் தாத்தாவின் மார்பளவுச் சிலை. உயிரோடு இருந்தபோது அவருக்கு அவ்வளவு அகலமான மார்பு இருந்ததாகப் போட்டோவில் தெரியவில்லை. மூலையில், ஜன்னலோரம், ஒரு தேக்கு மேஜை. மேஜைமேல் பெயர்ப்பலகை. பெயர் இன்னும் எழுதவில்லை. ‘காப்பாளர்’ என்பது மட்டும் இருந்தது.

“இந்தச் சீட்டு ஒங்களுக்குத்தான் மேடம்,” என்றார் ராஜபாண்டியன். “நாளப்பின்ன தாத்தாவப் பத்தி யாரு என்ன கேட்டு வந்தாலும் நீங்கதான் பதில் சொல்லணும்.”

சுகிர்தா ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பேக்கிங் செக்‌ஷன். இருபது இருபத்தைந்து பெண்கள் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே யாரோ ஒருத்தியின் நாத்தனாரைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் நன்றாக உள்ளே வந்தது. இந்த மேஜையில் உட்கார்ந்தால் நாள் பூராவும் வரும்.

அவளுக்கு அந்த மேஜை வேண்டும் என்று இருந்தது. இவ்வளவு வேண்டும் என்று எதுவும் இருந்து வெகுநாள் ஆகிவிட்டது.

அந்தப் பேக்கிங் செக்‌ஷனிலிருந்து டீ கொண்டுவந்தவள் மாரித்தாய். எம். புதுப்பட்டிக்காரி, அங்கே கம்பெனியின் பாக்டரியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். அங்கே ஒரு ஷெட் வெடித்துப் போனபோது அவள் புருஷன் முத்துப்பாண்டியும் போனான். அதற்குப் பிறகு அவளை டவுனுக்கு மாற்றி லேபிள் ஒட்ட விட்டார்கள். இதையெல்லாம் அவளே, டம்ளரை வைத்துவிட்டுப் போவதற்குள், பஸ் ரூட் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள். கடைசியில், “சாப்பிட்டீகளா டீச்சர்?” என்றாள்.

“சாப்பிட்டேன்,” என்றாள் சுகிர்தா. சாப்பிடவில்லை. அந்தக் கேள்வியை யாரும் கேட்டு மூன்று வருஷம் ஆனதால் பதில் தானாக வந்துவிட்டது.

பூஜை அறையில் அம்மன் படத்துக்குக் கீழே தாத்தாவின் மூல மருந்து ஒரு தகர டப்பாவில் இருந்தது. டப்பா தெரியாத அளவுக்குக் குங்குமம் அப்பியிருந்தது. உள்ளே கறுப்புக் காகித மடிப்பில் ஒரு கைப்பிடி வெள்ளைத் தூள், ஓரங்களில் லேசாகப் பழுப்பேறி. ராஜபாண்டியன் திருநீறு கொடுக்கிற பாவனையில் இரண்டு ஸ்பூன் எடுத்துக் கொடுத்தார். கறுப்புக் காகிதத்தைப் பார்த்தபோதே சுகிர்தாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அம்மன் கொடுத்த மருந்தை வெளிச்சத்துக்குத் தெரியாமல் ஒளித்து வைப்பானேன்?

வீட்டு அடுக்களையில் சோதனை நடந்தது. பழைய கல்லூரியின் ஆய்வகத்தில் கெஞ்சி வாங்கிவந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடை ஸ்பிரிட்டில் கரைத்து, ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டாள். செக்கச் சிவந்தது. தண்ணீரில் கரைய மாட்டேன் என்றது. நூற்றி எழுபது டிகிரியில் உருகியது. நாக்கு நுனியில் முதலில் ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்துக் கசந்தது. நேர்மைக்காக வெம்பக்கோட்டை ரோட்டில் இறங்கி, வரப்போரத்து ஆடுதின்னாப்பாளையைப் பிடுங்கிவந்து அதையும் காய்ச்சிப் பார்த்தாள். அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்தச் செடியில் சிறுநீரகத்தைக் கெடுக்கிற ஓர் அமிலம் இருக்கிறது. தாத்தா அதைச் சுண்டக் காய்ச்சி சாத்தூர் தாலுகாவுக்குக் கொடுத்திருந்தால், புழுவோடு பிள்ளைகளில் பாதியும் போயிருக்கும்.

டப்பாவில் இருந்தது சாண்டோனின்.

அது மாசிப்பத்திரியின் தூரத்துச் சொந்தமான ஒரு குத்துச்செடியிலிருந்து வருவது. செடி முளைப்பது துருக்கிஸ்தானத்துக் குளிர்ப் பொட்டலில். வைப்பாற்றங்கரைக்கு அது ஒரு நாளும் வந்ததில்லை. விரியாத அதன் மொட்டுகளை ‘புழு விதை’ என்று சொல்லி ஒட்டகத்தில் ஏற்றி விற்றார்கள். விதையே இல்லை, மொட்டு; வியாபாரத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள். 1830-இல் ஜெர்மனியில் இரண்டு மருந்தாளர்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், அந்த மொட்டிலிருந்து படிகத்தைப் பிரித்தார்கள். பிறகு சிம்கென்ட் என்ற ஊரில், செடி முளைக்கிற இடத்திலேயே, பாக்டரி வந்தது. உலகத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் அந்த மருந்தை மிட்டாயாகத் தின்றார்கள். அது புழுவைக் கொல்லாது. மயக்கிப் பிடிதளர வைக்கும். மறுநாள் விளக்கெண்ணெய் வந்து மிச்ச வேலையை முடிக்கும். கொஞ்சம் கூடினால் கண்ணில் போய் உட்காரும். முதலில் நிழலெல்லாம் ஊதாவாகவும், பிறகு எல்லாமே மஞ்சளாகவும் தெரியும். ஜெர்மனிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. அங்கே யாரும் பத்திரகாளியைக் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்சம் கூடினால் வலிப்பு வரும். அதனால்தான் வேறு மாத்திரைகள் வந்ததும் இதை ஓரங்கட்டிவிட்டார்கள்.

இத்தனையும் எழுதினால் மேஜை போய்விடும். அது சுகிர்தாவுக்குத் தெரியும். நாலு நாள் பேனாவைத் திறக்காமல் வைத்திருந்தாள். பிறகு, வாத்தியார் புத்தி, ஒரு வழி தோன்றியது. சொன்னால் கோபப்படுவார்கள், கண்ணால் பார்த்தால் ஒப்புக்கொள்வார்கள். ரசாயனம் தெரிந்த ஊர்தானே. சாண்டோனின் படிகத்துக்கு ஒரு குணம் உண்டு. வெயிலில் வைத்தால் மஞ்சளாகும், மஞ்சளாகித் தெறிக்கும். 1834-இலேயே ஒருவர் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அதை முற்றத்து வெயிலில் செய்து காட்டி, ‘இதுதான் அது’ என்று மெதுவாகச் சொல்லிவிட்டால், தாத்தாவின் கௌரவத்துக்கும் பங்கமில்லை. எங்கோ கிடந்த நல்ல மருந்தைக் கரிசல் காட்டுக்குக் கொண்டுவந்தவர் என்று எழுதலாம். மேஜையும் தப்பும்.

பெரிய படிகமாக இருந்தால்தான் நன்றாகத் தெறிக்கும். தூளைச் சூடான ஸ்பிரிட்டில் கரைத்து, வடிகட்டி, அம்மாவின் சேலை இருந்த பீரோவில், இருட்டில் வைத்தாள். ஒன்பது நாள். படிகம் வளரும்போது ஆட்டக் கூடாது. பீரோவுக்குப் பக்கத்தில் நடக்கும்போது காலைப் பதித்து வைத்தாள். மிக்ஸி போடவில்லை, அம்மியில் அரைத்தாள். சாயங்காலம் கதவை ஒரு விரல்கடை திறந்து, “என்ன, வளர்ந்தாச்சா?” என்று கேட்டுவிட்டு மூடினாள். வீட்டில் இன்னொருவர் தூங்குகிறார் என்பதுபோல இருந்தது. பத்தாம் நாள், கண்ணாடிச் சில்லுகள் மாதிரிப் பன்னிரண்டு பட்டைப் படிகங்களை எடுத்துக் கறுப்புத் துணியில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து, சிவகாசி பஸ் ஏறினாள். கண்டக்டர் “மடியில என்ன மேடம், நெய்ச் சட்டியா?” என்று கேட்கும் அளவுக்கு அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸ் முற்றத்தில் ராஜபாண்டியன் சாமியானா போட்டிருந்தார். பங்காளிகள், சம்பந்திகள், சங்கத்துப் பெரியவர்கள் என்று பதினேழு பேர். வெல்வெட் உறை போட்ட நாற்காலிகள். முதலில் ராஜபாண்டியன் பேசினார். வெடியிலே பிறந்து, வெடியிலே வளர்ந்து, வெடிக்கு நெஞ்சைக் காட்டிய குடும்பம் என்று இருபது நிமிஷம். பிறகு சுகிர்தாவுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். துருக்கிஸ்தானம் என்று அவள் சொன்னபோது இருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்று சாமியானாவுக்கு வெளியே, பதினொரு மணி வெயிலில், மேஜைமேல் கறுப்பு அட்டையைப் போட்டு, துணியைப் பிரித்துப் படிகங்களை வரிசையாக வைத்தாள். சபை நாற்காலியை இழுத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்தது.

மெதுவாக மஞ்சள் ஏறியது. எலுமிச்சை நிறம், பிறகு பழுத்த நிறம். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்போது முதல் படிகம் டிக் என்றது. நகம் வெட்டுகிற சத்தம்தான். ஒரு துணுக்கு எகிறி ஒரு பெரியவரின் வேட்டியில் விழுந்தது.

அந்த ஊரில் அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓடுகிறவரைப் பார்த்து அங்கே சிரிப்பதும் இல்லை. ஓடாதவர்கள் படம்தான் பல வீட்டில் சுவரில் தொங்குகிறது. நாற்காலிகள் சரிந்தன. முற்றம் காலியானது. சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கேட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர், வெடிக்கு நெஞ்சைக் காட்டியவர்.

மிஞ்சியது சுகிர்தா. பிறகு, டீத் தட்டோடு மாரித்தாய்.

“நீ ஓடலையா?” என்றாள் சுகிர்தா.

“நெசமான வெடின்னா எந்திரிச்சு ஓட நேரம் இருக்காது டீச்சர்,” என்றாள் மாரித்தாய். தட்டை வைத்துவிட்டு, சங்கத் தலைவருக்குப் போட்டிருந்த வெல்வெட் நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்து, அட்டைமேல் குனிந்து பார்த்தாள். டிக். டிக். இன்னும் இரண்டு போயின. “ஒண்ணும் பத்த வைக்கலையே. எதுக்கு இது தெறிக்கி?”

சுகிர்தாவுக்கு இருபத்தெட்டு வருஷ வகுப்பு திரும்பி வந்ததுபோல் இருந்தது. வெயில் பட்டதும் உள்ளே இருக்கிற மூலக்கூறுகள் உருவம் மாறுகின்றன என்றாள். மாறின உருவம் பழைய இடத்துக்குள் அடங்காது. ஒன்றை ஒன்று நெருக்கும். தாங்குகிற மட்டும் தாங்கிவிட்டுப் படிகம் உடையும்.

“எடம் பத்தலையாக்கும்,” என்றாள் மாரித்தாய். “நாலு பேரு இருக்க ஷெட்டுல அன்னைக்கு ஒம்போது பேர ஒக்காத்தியிருந்தாக. சீசன்னு.” டம்ளரை எடுத்து நீட்டினாள். “டீ ஆறுது. குடிங்க.”

இரண்டு பேரும் டீ குடித்தார்கள். கேட்டுக்கு வெளியே ராஜபாண்டியனும் பதினேழு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது ராஜபாண்டியனின் முகம் துடைத்து மாற்றப்பட்டிருந்தது. கேட்டிலிருந்து மேஜைக்கு முப்பதடி இருக்கும்; அந்த முப்பதடிக்குள் பயம் பெருமையாக மாறிவிட்டது. வெடிமருந்து தவிர வேறெதுவும் தானாக வெடிக்கும் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தோன்ற வாய்ப்பில்லை.

“பாத்தீகளா மேடம்? புழு மாத்திரைக்குள்ள வெடிய வச்சிருக்காரு எங்க தாத்தா. தீப்பெட்டி கிடையாது, திரி கிடையாது, சூரியனே பத்த வைக்கி. அந்தக் காலத்துல.”

எந்த சாண்டோனினும் அப்படித்தான் செய்யும் என்று சுகிர்தா சொல்லிப் பார்த்தாள். ஜெர்மனியில் இவருடைய தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலேயே வெடித்திருக்கிறது என்றாள்.

“ஜெர்மனில வெடிச்சா நமக்கென்ன மேடம்,” என்றார் ராஜபாண்டியன். “இங்கன வெடிச்சிருக்குல்ல.”

சபை தலையாட்டியது. வேட்டியில் துணுக்கு விழுந்த பெரியவர், சுட்டது என்று கையைக் காட்டினார். நின்ற நிலையிலேயே தாத்தா ‘பட்டாசுத் தொழிலின் மூலவர்’ ஆனார். மலரில் சுகிர்தாவின் நாலு பக்கம் அந்த மாதிரி எழுதி வர வேண்டும். துருக்கி, ஜெர்மனி எல்லாம் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் நல்ல சேதி சொன்னால், பெயர்ப்பலகைக்காரனை வரச்சொல்லலாம். இதைச் சொல்லும்போது ராஜபாண்டியன் நிஜமாகவே அன்பாக இருந்தார். அதுதான் சங்கடம். சிடுசிடுத்திருந்தால் சுலபமாக எழுந்து போயிருக்கலாம்.

அன்று செவ்வாய். புதனும் வியாழனும் சுகிர்தா வீட்டில் இருந்து வாதாடினாள், எதிர்க்கட்சியும் அவளே. ஒரு மலர், யாரும் படிக்கப்போவதில்லை. ஒரு கையெழுத்து. அதற்குப் பதில் தினமும் பஸ், தினமும் ஜன்னல், பதினொரு மணிக்கு ஒரு டீ, ஒரு கேள்வி. காலமெல்லாம் பிள்ளைகள் ரிக்கார்டு நோட்டில் வராத அளவை வந்ததாக எழுதினால் அடித்துக் கிழித்தவள் என்பதைத் தவிர, எதிராகச் சொல்ல அவளிடம் பெரிய வாதம் இல்லை. சொல்லிப்பார்க்க ஆளும் இல்லை. வியாழன் சாயங்காலம் அந்த மாதிரிக் கட்டுரையை எழுதத் தொடங்கினாள். ‘சூரிய ஒளியால் வெடிக்கும் அரிய கலவையைத் தம் நுண்ணறிவால்’ வரை வந்தது. அதற்கு வினைச்சொல் தேடிக்கொண்டு தூங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்திலிருந்து சோலைச்சாமி கூப்பிட்டார். மலரை அடிக்கிறவர், அவர் அச்சகம்தான் அந்தக் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக லேபிள் போடுவது. பதினாறு பதினாறு பக்கமாகத்தான் மெஷினில் ஏறும், நாலு பக்கம் இல்லாமல் கடைசிப் பதினாறு பக்கப் பாரம் நிற்கிறது, நேரில் வந்து முடித்துக் கொடுங்கள் என்றார். போனாள். அங்கே மை வாசனைக்கு நடுவில் அவளை உட்காரவைத்து, கட்டுரை எங்கே என்று கேட்டார்.

“வராமப் போனா என்ன செய்வீங்க?” என்றாள் சுகிர்தா.

சோலைச்சாமிக்கு அது புதிய பிரச்சினை இல்லை. வராத கட்டுரையைப் பார்த்தே அவர் தலை நரைத்தது. முதலாளி போட்டோ இருக்கிறது, மூன்று பக்கத்தை அது அடைத்துவிடும்; ஒரு பக்கத்துக்குத் தாத்தா சம்பந்தமாக ஏதாவது பழைய படம் கிடைத்தால் தேவலை என்றார். சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து தடிமனான ஓர் ஆல்பத்தை இறக்கினார். அங்கே எந்த லேபிள் அடித்தாலும் ஒரு பிரதியை ஆல்பத்தில் ஒட்டிவைப்பது வழக்கம். மறு ஆர்டர் வந்தால் நிறம் பார்க்க. புலி மார்க், கிளி மார்க், ரயில் மார்க் எல்லாவற்றையும் புரட்டி, பூச்சி அரித்த ஒரு தாளில் நிறுத்தினார்.

தனுஷ்கோடியின் பூச்சிக் குளிகை. நடுவில் கொழுகொழுவென்று ஒரு பிள்ளை படம். கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்து. சுகிர்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

‘இதிலுள்ள சாண்டோனின் என்னும் சரக்கு நாம் கண்டுபிடித்ததன்று. துருக்கிஸ்தானத்துச் செடியினின்று எடுத்துச் சென்னை மார்க்கமாய் வரவழைக்கப்பட்டது. கருப்பட்டி மாத்திரம் நம்முடையது. வெயிலில் வைக்கக் கூடாது. சொன்ன அளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. உண்டபின் உலகம் மஞ்சளாய்த் தோன்றினால் பயப்பட வேண்டாம். சாமி அல்ல, மருந்து. மறுநாள் காலை விளக்கெண்ணெய் கொடுக்கவும்.’

இரண்டாம் தடவையும் படித்தாள். கருப்பட்டி மாத்திரம் நம்முடையது. ஆறு வாரத்தில் அவள் சந்தித்தவர்களில் உருப்படியாகப் பேசின மனிதர் இவர்தான். இவரோடு ஒரு டீ குடிக்கலாம் என்று பட்டது. அறுபது வருஷத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது.

“இதையே போடுங்க,” என்றாள். “முழுப்பக்கம். எழுத்து தெளிவா விழணும்.”

சோலைச்சாமி லென்ஸை வைத்து லேபிளின் மேல் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். “எழுத்து சரியா விழுந்திருக்கான்னு பாக்கதுதான் மேடம் எங்க வேல,” என்றார். “என்ன எழுதியிருக்குன்னு பாக்கது இல்ல.” பக்கத்தை முதலாளியின் போனுக்கு அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. தாத்தா பேர் பெரிதாகத் தெரிகிறதா என்று கேட்டார் ராஜபாண்டியன். தெரிகிறது என்றார் சோலைச்சாமி. அடிக்கச் சொல்லிவிட்டார்.

அச்சக வாசலில் நின்று சுகிர்தா ராஜபாண்டியனைக் கூப்பிட்டு, தன்னால் அப்படி எழுத முடியாது என்றாள். பரவாயில்லை மேடம், மதுரையில் ஒரு டாக்டர் பட்டம் வாங்கினவர் இருக்கிறார், அவர் கேட்டதும் ஒப்புக்கொண்டார் என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

விழா ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சுகிர்தா அன்று பீரோவைச் சுத்தம் செய்தாள். படிகம் வளர்ந்த இடத்தில் கண்ணாடிக் கிண்ணத்தின் வட்டம் மரத்தில் பதிந்திருந்தது. துடைத்தாள், முழுதாகப் போகவில்லை. மிக்ஸியைத் திரும்ப எடுத்து வைத்தாள். இப்போது சத்தம் போடலாம், யார் கலையப் போகிறார்கள்.

புதன்கிழமை கூரியரில் மலர் வந்தது, சோலைச்சாமி அனுப்பியிருந்தார். வழவழப்பான தாள், மூவாயிரம் பிரதி. தொண்ணூற்றெட்டாம் பக்கத்திலிருந்து, முதலாளி போட்டோவுக்கு ஒதுக்கிய மூன்று பக்கத்தில், மதுரை டாக்டரின் வாழ்த்துரை. தாத்தா பட்டாசுத் தொழிலின் மூலவர், மூலிகைப் பேரரசர், இன்னும் இரண்டு. அதற்கு முந்தின தொண்ணூற்றேழாம் பக்கத்தில், நூறு வருஷத்துத் தூசியெல்லாம் கழுவி, ஒவ்வொரு எழுத்தும் கறுகறுவென்று, தாத்தா தானே வந்து எல்லாவற்றையும் மறுத்திருந்தார். மந்திரிக்கு வேண்டியவர்கள் கையில் ஒரு பிரதி, சங்கத்துப் பெரியவர்கள் வீட்டு டீப்பாயில் ஒரு பிரதி. இந்தியா முழுக்க லேபிள் அடித்துக் கொடுக்கிற ஊர். லேபிளைப் படிக்கிற பழக்கம் மட்டும் அதற்கு இல்லை.

சுகிர்தா சிரித்தாள். மாடிவீட்டில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. நிறுத்திக்கொண்டாள்.

வியாழன் போச்சு, வெள்ளி போச்சு. யாரும் கூப்பிட்டுத் திட்டக்கூட இல்லை. அவள் உள்ளூர அதை எதிர்பார்த்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. ராஜபாண்டியன் கத்துவார், பதிலுக்குக் கொஞ்சம் பேசலாம் என்று. உண்மை மூவாயிரம் பிரதி வெளியாகி, ஒரு டிக் சத்தம்கூடக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. இரண்டு தடவை செருமிவிட்டு எடுத்தாள்.

“டீச்சர், மாரித்தாய் பேசுதேன். நம்பர் சோலைச்சாமி அண்ணாச்சிகிட்ட வாங்குனேன்.” பின்னால் பேக்கிங் செக்‌ஷன் இரைச்சல். வேலையாட்கள் எல்லாருக்கும் லட்டு டப்பாவோடு ஒரு மலர் கொடுத்தார்களாம். “நமக்கு லேபிளப் பாத்தா கை சும்மா இருக்காதுல்ல. தல கீழா ஒட்டிறக் கூடாதேன்னு எழுத்தக் கூட்டிப் பாத்துத்தான் பழக்கம். தொண்ணூத்தேழாம் பக்கம். சாமி இல்லன்னுல்ல போட்டிருக்கு. மொதலாளி பாத்தாகளா?”

“பார்க்கல போல.”

“வேற யாரும்?”

“நீ பார்த்திருக்க.”

மாரித்தாய் சிரிக்கவில்லை. “எங்கம்மா சின்னப்பிள்ளையில அந்த மாத்திரை தின்னுச்சாம்,” என்றாள். “சுவரெல்லாம் மஞ்சளா எரிய, அம்மன் வந்து நின்னாள்னு சாகுற வரைக்கும் சொல்லும். அதுக்கு எழுத்து தெரியாது. யாரும் இதப் படிச்சும் காமிக்கல. காமிக்காததும் நல்லதுதான் டீச்சர். அம்புட்டு வருசத்துல அது பாத்தது அது ஒண்ணுதான்.”

தாத்தா இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று சுகிர்தா யோசித்தாள்; கருப்பட்டி மாத்திரம் நம்முடையது, அவள் கண்டது அவளுடையது என்றுதான் சொல்லியிருப்பார்.

“சரி, பெல் அடிக்கப் போறாக,” என்றாள் மாரித்தாய். “சாப்பிட்டீகளா?”

வாய்க்குள் பழைய பதில் தயாராக வந்து நின்றது.

“இல்ல மாரித்தாய்,” என்றாள் சுகிர்தா. “இன்னும் இல்ல.”

“மணி ரெண்டாகுது. வையிங்க, போய் சாப்பிடுங்க மொதல்ல.”

லைன் போய்விட்டது. சுகிர்தா அடுக்களைக்குப் போய் ஒரு டம்ளர் அரிசி களைந்து அடுப்பில் வைத்தாள். மேஜைமேல் மலர் தொண்ணூற்றேழாம் பக்கத்தில் திறந்து கிடந்தது. ஜன்னல் வெயில் நகர்ந்து நகர்ந்து அதன் ஓரத்துக்கு வந்திருந்தது. லேபிளில் சொன்னபடி, அதை எடுத்து நிழலில் வைத்தாள். பிறகு உட்கார்ந்து, போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குக்கர் விசில் வரக் காத்திருந்தாள்.